அம்மனுக்குக் கொடுத்த முடி

நான் பிறந்த ரப்பர் தோட்டம் மலேசியாவில் கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியக் கருக்கலில் கைப்பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பிள்ளை பார்த்த அம்மா என்னைப் பற்றிச் சொன்னதாக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. “இது அழுதா மத்த பிள்ளைங்க அழுகைய நிறுத்திட்டுக் கேக்குதுங்க.” விடியக்காலையில் மணி அடித்து ஆபீஸ் வாசலில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். என் அப்பா அதற்கு மேலே ஒரு படி போவார். “பெரட்டுக்கு எதுக்கு மணி? இவளைக் கொண்டு போயி ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுனா போதாதா?”

மனுசர்கள் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மீதியை மளிகைப் பொட்டணத் தாளிலும் மனுசர் வாயிலும்தான் படித்தேன். அதனால் இந்தக் கதையில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நேற்று போல ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் நல்லதுதான்.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒவ்வொரு குடும்பமாகச் சாமானைக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, ஈப்போவில் புந்தோங்கில் இருந்தார். பலகை வீடு, முன்னால் ஒரு கொய்யா மரம். “என் வீடு இருக்கையில நீ எதுக்கு வாடகைக்கு அலையிற?” என்று பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார். அப்பா மரப்பலகை ஏற்றும் லாரியில் வேலைக்குப் போனார். அம்மா கையுறை செய்யும் பேக்டரியில் சேர்ந்தார்.

பெரியம்மாவுக்கு ஒரே மகள். என்னைவிட மூன்று வயது மூப்பு. டவுனில் துணிக்கடையில் வேலை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அவள் புடவையை உடம்பில் போட்டுக் காட்டினால் வாங்க வந்தவர்கள் புடவையைப் பார்க்க மாட்டார்கள் என்று கடையில் சொல்வார்களாம். எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லாத குறையை அவள்தான் தீர்த்தாள், நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம். எனக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்து அவள்தான் பின்னிவிடுவாள். “உன் முடிய வெட்டி என் தலையில ஒட்டிக்கப் போறேன் பாரு” என்பாள். நானும் சிரிப்பேன்.

பதினைந்து வயதில் ஒரு பேண்டு குழுவோடு பாட ஆரம்பித்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, லாரி மேல் மேடை. குழுவை நடத்தியவர் பகலில் டயர் கடையில் வேலை செய்தார், சாயங்காலம் ஆர்கன் வாசித்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஆம்பிளைகள் நடுவே வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. “அக்கா கூட வந்தா போ, இல்லாட்டி வீட்டுலயே பாடு” என்று ஒரே பேச்சு. அக்கா கூட வந்தாள். நான் பாடும்போது மேடைக்குக் கீழே நாற்காலியில் என் தண்ணீர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்து என்ன பாட்டு என்று நான் மறந்தால் வாயசைத்துக் காட்டுவாள். எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு கல்யாணத்தில் கேசட்டுக் கடை முதலாளி ஒருவர் என் பாட்டைக் கேட்டார். அவர்கள் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தது. பேச்சு மெதுவாக, மரியாதையாக இருக்கும். “ஆத்தா, சினிமாப் பாட்ட எல்லாரும்தான் பாடுறாக. உனக்குன்னு பத்துப் பாட்டு எழுதி ஒரு கேசட்டுப் போட்டா என்ன?” என்றார். மேடையில் பாடிய களைப்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் பாடிய கேசட்டெல்லாம் கடல் தாண்டி வந்தவை. உள்ளூர்ப் பெண், அதுவும் பதினாறு வயசுப் பெண், தன் பாட்டைத் தானே பாடிப் படத்தோடு கேசட்டாக வருவது என்றால் அது எங்கள் வட்டாரத்தில் பெரிய சமாச்சாரம். மாஸ்டர் பத்துப் பாட்டையும் அவரே எழுதி மெட்டுப் போட்டார். சாயங்கால மழை பற்றி ஒன்று. பேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் பற்றி ஒன்று. டிரம்ஸ், கித்தார் எல்லாம் சேர்ந்து துள்ளும் பாட்டுகள். முதலாளி எனக்கு ஒரு மேடைப் பெயரும் வைத்தார். “உன் பேரு பெரட்டுல கூப்பிடுற பேரு மாதிரி இருக்கு ஆத்தா” என்று சொல்லி, பூவும் நிலவும் கலந்த மாதிரி ஒரு பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வைத்தபோது அது எனக்கு வைத்தது. அது மட்டும் போதும்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு கடையின் மாடி அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. காற்றாடி போட்டால் சத்தம் பதிந்துவிடும் என்பதால் அதை அணைத்துவிட்டுத்தான் பாட வேண்டும். மழை வந்தால் தகரக் கூரை பாடும், நாங்கள் நிறுத்திவிடுவோம். பக்கத்துச் சுண்ணாம்பு மலையில் கல் உடைக்க வெடி வைப்பார்கள். அந்த நேரம் தெரியாமல் ஒரு தடவை மழைப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டேன், டமார் என்று வெடித்தது. “இடியும் சேந்து வந்துச்சு லா, விட்டுருவோமா?” என்றார் டிரம்ஸ்காரர். மறுபடி முதலிலிருந்து பாடினேன். வேர்த்துக் கொட்டும். அக்கா மூலையில் உட்கார்ந்து பழைய நாட்காட்டி அட்டையால் எனக்கு விசிறுவாள், சத்தம் வராமல்.

நான்கு பாட்டு முடிந்ததும் என் தொண்டை போய்விட்டது.

கட்டிக்கொண்டது என்று நினைத்தோம். மறுநாள் காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார், பேசாதே என்றார். பத்து நாள் சைகையிலேயே வாழ்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா வேடிக்கைக்கு, “வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, பின்வாசலில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய் எங்கள் மாரியம்மன் முன்னால் நின்றார். “பிள்ளைக்குக் கொரலத் திருப்பிக் குடு தாயே. அவ முடிய ஒனக்குத் தாரேன்.”

வேண்டிக்கொண்டது அம்மா, முடி என்னுடையது. எங்களில் அப்படித்தான். யாரும் பிள்ளையைக் கேட்டுக்கொண்டு வேண்டுவதில்லை.

குரல் வந்தது. டாக்டரின் மருந்தா, அம்மனா, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. மீதி ஆறு பாட்டையும் பாடி முடித்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் மாஸ்டர் ஆர்கனை விட்டு எழுந்து வந்து, “முடிஞ்சிருச்சு பிள்ள. இனி உறை அச்சடிக்கணும், தீபாவளிக்குக் கடைக்கு வந்துரும்” என்றார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா அடுத்த வேலையை ஆரம்பித்தார். தோட்டத்துத் திருவிழா வந்துவிட்டது. அடுத்த வருசம் கோயில் அதே இடத்தில் இருக்குமா, புல்டோசர் வந்துவிடுமா என்று யாருக்கும் தெரியாது. “வாங்குனத வாங்குன எடத்துலதான் குடுக்கணும். இந்த வருசமே முடி எறக்கிறணும்” என்றார்.

நான் கெஞ்சினேன். “அம்மா, உறைக்குப் போட்டோ எடுக்கணும்மா. மொட்டத் தலையோடயா நிக்கிறது? போட்டோ முடிஞ்சதும் எறக்கிக்கிறேன்.”

அம்மா இரங்கினார். “சரி, போட்டோ எப்பன்னு கேட்டுட்டு வாங்க. திருவிழாவுக்கு முன்னாலன்னா சரி.”

நான் போகவில்லை, அக்கா போனாள். அவள் வேலை செய்த துணிக்கடைக்கும் முதலாளியின் கடைக்கும் நடுவே ஒரு சந்துதான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே சொன்னாள்.

“போட்டோவே கிடையாதாம் சின்னம்மா. உறையில வீணைப் படம் வரையப் போறாங்களாம். பேரு மட்டும்தான் பெருசா வரும்.”

“வீணையா?” என்றேன். “நம்ம பாட்டுல வீணையே இல்லியே அக்கா.”

“அது என்னவோ, அப்பிடித்தான் சொன்னாங்க பாப்பா.”

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் முகத்தை உறையில் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் பெயர் இருக்குமே என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து ஆற்றோரம் உட்கார்ந்தேன். பின்னலை முதலில் அறுத்து அம்மா கையில் கொடுத்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சந்தனத்தை அவள்தான் தலையில் பூசினாள். “ஜில்லுன்னு இருக்கா?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மாஸ்டர் ஆள் அனுப்பினார். இன்றைக்கு மத்தியானம் போட்டோ, நல்ல சேலை கட்டிக்கொண்டு உடனே வா.

நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். டவுனில் ஒரு சீனர் நடத்திய போட்டோக் கடை. முதலாளி, மாஸ்டர், அக்கா மூவரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அக்கா பட்டுச் சேலையில் இருந்தாள். தீபாவளி வியாபாரத்துக்காகக் கடையில் எல்லாப் பெண்களையும் பட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நான் துண்டை அவிழ்த்தேன்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். “என்ன ஆத்தா இப்படிப் பண்ணிட்டே?”

“போட்டோ இல்லேன்னு...” என்று அக்காவைப் பார்த்தேன்.

“எனக்கு அப்படித்தான் விளங்குச்சு” என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. அவள் கண்ணில் தண்ணீர். என்னால் அவள் திட்டு வாங்க வேண்டாம் என்று, “பரவால்ல, நாங்கதான் தப்பா விளங்கிக்கிட்டோம்” என்று முந்திக்கொண்டு சொன்னேன். நான் சொன்னேன், நானேதான்.

நாடகக்காரர்களின் பொய்முடி ஒன்றைக் கொண்டு வந்து வைத்துப் பார்த்தார்கள். போட்டோக்காரர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, “அமோய், பாட்டி மாதிரி இருக்கு லா” என்றார். வயசுப் பெண் யாராக இருந்தாலும் அவருக்கு அமோய்தான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அச்சுக்கு மறுநாள் காலையில் படம் போக வேண்டும், இல்லையென்றால் தீபாவளி போய்விடும். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடந்தார், பிறகு அக்கா முன்னால் நின்றார்.

“ஒரு மொகம் வேணும் அவ்வளவுதான். பாட்டு உள்ள இருக்கு. இந்தத் தடவைக்கு அக்கா நிக்கட்டும். அடுத்த கேசட்டுல உன் மொகம் ஆத்தா, நான் வாக்குக் குடுக்கறேன்.”

மாஸ்டர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேட்டி முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா, “நான் எப்படி, எனக்கு வேணாம்” என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவள் நெற்றிப்பொட்டு கோணலாக இருந்தது. நான்தான் சரிசெய்து விட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துப் பக்கவாட்டில் சிரித்தாள். பளிச், பளிச். நல்ல படம். இன்றைக்கும் நல்ல படம்தான்.

இரண்டு வாரம் கழித்து மிச்சப் படங்களை வாங்கி வர மாஸ்டர் என்னை அனுப்பினார். போட்டோக்காரர் உறைக்குள் படங்களைப் போட்டுக்கொண்டே என் தலையைப் பார்த்தார். முடி அப்போதுதான் முள் முள்ளாக எட்டிப் பார்த்தது.

“அமோய், நீ ஏன் முடி வெட்டிட்ட? நான் முன்னாடி சனிக்கிழமையே சொல்லியாச்சே, செவ்வாக்கிழமை வரணும்ன்னு.”

“யார்கிட்ட சொன்னீங்க தவுக்கே?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“உன் அக்காகிட்ட லா. இங்க வந்துச்சு, கேட்டுச்சு. நான் நாள் எழுதிக் குடுத்தேன். அப்புறம் அது கேட்டுச்சு, பட்டுச் சேலை என்ன கலர் நல்லா வரும்ன்னு. நான் சொன்னேன், மஞ்சள்.”

அக்கா அன்று கட்டியிருந்தது மஞ்சள் பட்டு.

கடைக்கு வெளியே வந்து அப்படியே நடந்தேன். எந்தத் தெரு, எவ்வளவு தூரம் என்று தெரியாது. துணிக்கடையின் பின்சந்தில் போய் நின்றபோதுதான் எங்கே வந்திருக்கிறேன் என்று விளங்கியது. அட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. போட்டோ உறையை நீட்டினேன்.

“செவ்வாக்கிழமைன்னு உனக்குத் தெரியும்.”

அவள் பெட்டியிலிருந்து காலை எடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அவ்வளவு தயாராக இருந்தேன்.

“ஆமா, தெரியும்” என்றாள். “உனக்குக் கொரல் இருக்கு. நாளைக்கும் இருக்கும், நாப்பது வயசுலயும் இருக்கும். எனக்கு என்னா இருக்கு, சொல்லு? இந்த மூஞ்சிதானே? இது எத்தன நாளைக்கு இருக்கும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேரு பாக்கட்டும்னு நினைச்சேன் பாப்பா.”

“என்கிட்ட கேட்டிருந்தா?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் சந்தனம் பூசிய கை ஞாபகம் வந்தது. ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது. திருடுகிறவர்கள் திருடிவிட்டுப் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரைக்கும் சோப்புக் கையோடு அப்படியே இருந்தார். பிறகு எட்டிப் பார்த்தார், சமையலறையில் பெரியம்மா இருக்கிறாரா என்று. அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“சத்தம் போடாத.”

“அம்மா...”

“நாம யாரு வீட்டுல இருக்கோம்? ரெண்டு வருசமா ஒரு வார்த்த சொல்லியிருப்பாளா எங்கக்கா? அவ மகளுக்கு இப்பத்தான் கிள்ளான்லருந்து சம்பந்தம் வருது. நீ வாயத் தொறந்தா அது கெட்டுப்போகும். கொரலு உன்னோடதுதான், அத யாரு எடுத்துக்கிட்டுப் போறா?”

“என் முடியப் புடுங்குனதே அவதாம்மா.”

“முடி அம்மனுக்குக் குடுத்தது” என்றார் அம்மா. “அத இதுல சேக்காத.”

அக்கா செய்தது என்னை வெட்டியது என்றால், அம்மா சொன்னது அந்த வெட்டில் உப்பு வைத்தது. எனக்காக அம்மன் முன்னால் நின்று வாதாடிய அதே அம்மா. ஒரு பின்பக்க அறைக்கும் ஒரு கொய்யா மரத்துக்கும் என்னைக் கொடுத்துவிட்டார். அக்கா தெரிந்தே செய்ததை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், அப்பாவால் பொறுக்க முடியாது, ராவோடு ராவாகச் சாமானைத் தூக்கிவிடுவார் என்று. நான் சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் டவுனில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. மேடையில் முதலாளி, மாஸ்டர், நடுவில் மாலையோடு அக்கா. உறையில் இருக்கிற முகம்தான் மேடையிலும் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். மூன்றாம் வரிசையில் நானும் அம்மாவும். நான் தலைக்கு ஒரு பூப்போட்ட துணி கட்டியிருந்தேன், புழுக்கத்தில் அதை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில் மழைப் பாட்டு போட்டார்கள். வெடிச் சத்தத்துக்குப் பிறகு மறுபடி பாடினேனே, அந்தப் பாட்டு. மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன், அம்மா தட்டச் சொன்னதால்.

கூட்டத்திலிருந்து யாரோ ஓர் அம்மா, “ரெண்டு வரி நேர்ல பாடும்மா!” என்று கேட்டுவிட்டார். இதோ, இப்போது வெளிச்சமாகிவிடும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அக்கா மைக்கைப் பிடித்தாள்.

“மன்னிக்கணும், தொண்டை சரியில்ல. உங்களுக்குத் தெரியாது, இந்தப் பாட்டெல்லாம் பதிவு பண்றப்ப எனக்குக் கொரலே போயிருச்சு. பத்து நாள் பேச்சே இல்ல. வீட்டுல அம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க. அப்புறந்தான் திரும்பி வந்துச்சு. இன்னும் முழுசா ஆகல.”

கூட்டம் “த்ச்சு, த்ச்சு” என்று உச்சுக்கொட்டியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அம்மன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். அப்படியே திரும்பியவர் என் தலையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

“நீ தங்கச்சியாம்மா? அக்கா கொரலுக்காகவா மொட்ட போட்ட?”

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் முட்டியில் வந்து உட்கார்ந்தது. அழுத்தியது. பேக்டரியில் ரப்பர் கையுறைகளை உரித்து உரித்துக் காய்த்துப்போன கை. எவ்வளவு அழுத்தினார் என்றால், அன்று சாயங்காலம் பார்த்தேன், ஐந்து விரலும் பதிந்திருந்தது.

“ஆமாங்க” என்றேன்.

“இந்தக் காலத்துல யாரும்மா இப்பிடி!” என்று அவர் முன்வரிசையைத் தட்டிச் சொன்னார், முன்வரிசை அதற்கு முன்வரிசைக்குச் சொன்னது. எல்லாரும் திரும்பித் திரும்பி என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பாட்டு, பெயர், படம் எல்லாம் போன பிறகு தலையில் அந்த முள்முடி ஒன்றுதான் எனக்கென்று மிச்சம் இருந்தது. அதையும் அன்றைக்கு நானே என் வாயால் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்குப் புந்தோங்கில் வீட்டுக்கு வீடு என் குரல் கேட்டது. பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், “உங்க அக்கா என்னமா பாடியிருக்கு, கேளு கேளு” என்று கேசட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி என்னை உட்கார வைத்துக் கேட்கச் செய்வார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

கிள்ளான் சம்பந்தம் கைகூடியது. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் பாடக் கூடாது. அக்கா பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டாள். “இவ்வளவு கொரல வச்சுக்கிட்டு விட்டுக் குடுத்துச்சு பாரு” என்று சொந்தமெல்லாம் மெச்சியது. நான் முதலாளியிடம் போய் அடுத்த கேசட்டைக் கேட்டேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். “ஆத்தா, அந்தப் பேரையும் மொகத்தையும்தான் கடைக்காரங்க கேக்கறாக. புது மொகத்தப் போட்டா யாரு வாங்குவா?” புது முகம் என்று என்னைத்தான் சொன்னார்.

மறு வருசம் கோப்பெங்கில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டுப் போட்டி. எனக்கு முடி காது வரை வளர்ந்திருந்தது. அம்மாதான் போகச் சொன்னார், கூடவும் வந்தார். போட்டியில் சொந்தப் பாட்டுப் பாடலாம் என்றிருந்தார்கள். நான் மழைப் பாட்டைப் பாடினேன். வேறு எதைப் பாடுவேன்? முதல் வரியிலேயே கூட்டம் கை தட்டியது. கடைசியில் நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார், நல்ல மனுசர், சிரித்த முகம்.

“கொரல் ரொம்ப நல்லா இருக்கும்மா. அதுல குறையே இல்ல. ஆனா நீ யாரு தங்கச்சின்னு எங்களுக்கெல்லாம் தெரியும். மூச்சு விடுற எடம் மொதக்கொண்டு அக்காவ அப்பிடியே காப்பி அடிக்கிற. கேசட்டப் போட்டுப் போட்டுப் பழகியிருக்க. இனி உனக்குன்னு ஒரு கொரலத் தேடிக்க, சரியா?”

கூட்டம் அன்பாகச் சிரித்தது. மூன்றாம் பரிசு, ஒரு சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். பஸ்காரர் கேசட்டுப் போட்டார். நீங்கள் நினைப்பது சரிதான், அந்தக் கேசட்டுத்தான். அந்த வருசம் எல்லாப் பஸ்ஸிலும் அதுதான் ஓடியது. டிக்கெட் கிழிக்கும் ஆள் கூடவே சீட்டியடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அம்மா சில்லறையை நீட்டினார். அவர் வாங்க வந்தபோது அம்மா காசை விடவில்லை.

“தம்பி, இந்தப் பாட்டு யாரு பாடுனது தெரியுமா?”

“தெரியாம என்னா லா. உறை அங்க கண்ணாடிகிட்ட சொருகி வச்சிருக்கோமே.”

“அது இல்ல. பாடுனது என் மக. இதோ, இவ.”

அம்மா சத்தமாகவே சொன்னார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். டிக்கெட்காரர் என்னைப் பார்த்தார், ஓட்டுநர் பக்கம் சொருகியிருந்த மஞ்சள் பட்டுப் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, வயசில் மூத்தவரிடம் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

“சரிங்கம்மா. அப்ப அந்த மூஞ்சி யாரோடது?”

“அது வேற பிள்ள” என்றார் அம்மா. “கொரலு இவ கொரலு. பொறந்தன்னிக்கு இதே கொரல்லதான் அழுதா. எனக்குத் தெரியாதா? நான்தானே அம்மனுக்கு...”

“ஆமாம்மா, ஆமா” என்று அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, பின் இருக்கைக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பின்னால் யாரோ, “என் மகளும் அதுலதான் டிரம்ஸ் அடிச்சா!” என்றார். பஸ்ஸே சிரித்தது.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். பிளாஸ்க் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் நான் மழைப் பாட்டின் கடைசி வரிக்கு வந்திருந்தேன்.

நான் அம்மாவின் முட்டியில் கை வைத்து அழுத்தினேன்.